ஆராய்ச்சி மணியும் அதன் கயிறும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"சட்டமும் சமூக சேவையும்" என்ற பொருள் பற்றிச் சில வார்த்தை பேசுமாறு எமது சங்கச் செயலாளர் பணித்தார். பொருள் மிகப் பெரியது. தரப்பட்ட நேரமோ மிகச் சிறியது. ஆதலால் அப்பெரும் பொருளினுள்ளே ஒரு மூலையை மாத்திரம் எடுத்துக்கொள்கின்றோம். அந்த மூலை எவரும் அதிகம் எட்டிப் பாராத மூலை. வளர்ச்சிக் குறைபாட்டுடன் பிறந்தவர்களுக்குச் சட்டம் என்ன தருகின்றது, அதனை அவர்கள் கையிற் சேர்ப்பவர் யார் என்பதே நாம் இன்று ஆராயப் புகும் விடயம்.

மனுநீதி கண்ட சோழனின் வரலாற்றை அறியாதார் இச்சபையில் இலர். திருவாரூரிலே நிகழ்ந்ததாகப் பெரிய புராணம் கூறும் அவ்வரலாற்றை, அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளனுக்கு உரியதாக மகாவம்சம் கூறுகின்றது. மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட இரு நூல்கள் மணி ஒன்றைப் பற்றி ஒருமித்துப் பேசுகின்றன. கதையைச் சொல்லும்போதெல்லாம் நாம் மகனைத் தேர்க்காலில் இட்ட மன்னனைப் புகழ்கின்றோம். இன்று எமது கண் மன்னன்மேற் செல்லவில்லை, மணியின்மேலேயே செல்கின்றது. பெரிய புராணத்துப் பசு தன் கொம்பினாலே மணியைப் புடைத்தது. மகாவம்சத்திலோ மன்னனின் படுக்கைத் தலைமாட்டிலே மணி தொங்குகின்றது. அதிலிருந்து நீண்ட கயிறு புறப்படுகின்றது. எவ்வாறாயினும் மணி, பேசமாட்டாத ஓர் உயிருக்கும் எட்டும் நிலையில் இருந்தது. கயிறு ஒரு முழம் குறைந்திருந்தால், அல்லது வாயிற்காவலன் ஒரு தடியை எடுத்து ஓங்கியிருந்தால், மன்னனின் நீதி முழுவதும் மன்னனின் நெஞ்சுக்குள்ளேயே கிடந்திருக்கும் அன்றோ?

பசுவோடு மனிதரை ஒப்பிடுகின்றோம் என்று எவரும் எண்ணற்க. நாம் பேச வந்தவர்கள் எம்மைப் போன்ற மனிதர்; எம்மைப் போன்றே இந்நாட்டின் குடிகள். எமது கேள்வி கயிற்றின் நீளத்தைப் பற்றியது மாத்திரமே.

வளர்ச்சிக் குறைபாடு என்பது யாது? பிறப்பிலே அல்லது பிள்ளைப் பருவத்திலே தோன்றி, வாழ்நாள் முழுவதும் உடன் இருந்து, கற்றல், பேசுதல், நடத்தல், தன்னைத் தான் பராமரித்தல் முதலியவற்றுட் சிலவற்றைக் கடினமாக்கும் நிலை அது. டவுண் சின்ட்ரோம், ஓட்டிசம், பெருமூளை வாதம் என்று மருத்துவர் பிரித்துப் பெயரிடுவர். இது தொற்றும் நோயன்று. மருந்தினால் நீங்கும் நோயுமன்று. ஆயினும் ஏற்ற பயிற்சி கிடைத்தால் வளராத பிள்ளை இல்லை. ஊரிலே நாம் இவர்களை எந்தெந்தப் பெயரால் அழைக்கின்றோம் என்பதை இம்மேடையிற் சொல்ல நாக் கூசுகின்றது. முன்வினைப் பயன் என்று கூறி ஒதுங்குவோரும் உளர். அவர்களுக்கு ஒன்று கூறுவோம். ஒருவர் முன்செய்த வினை எதுவோ நாம் அறியோம். அவர் எமது வாயிலில் வந்து நிற்கும்போது நாம் செய்வது எமது வினையாகின்றது. அதனை நாம் நன்கு அறிவோம்.

எமது வீதியிலே நிகழ்ந்த ஒன்றைக் கூறுகின்றோம். பாடசாலையின் பெயர் சொல்லுதல் எமது நோக்கமன்று. இந்தப் பிழை ஓரிடத்துக்கு மாத்திரம் உரியதன்று. எமது வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு குடும்பம். மூத்த மகன் டவுண் சின்ட்ரோமுடன் பிறந்தவன். ஆறு வயதிலே தாயார் அவனைக் குளிப்பாட்டி, திருநீறு பூசி, புதுச் சட்டை போட்டு, கையைப் பிடித்துப் பாடசாலைக்குக் கூட்டிச் சென்றார். ஒரு மணி நேரத்துக்குள் இருவரும் திரும்பி வந்தனர். படலையடியில் நின்ற நாம், "என்னக்கா, கெதியா வந்திட்டியள்?" என்று கேட்டோம். "இவனை எடுக்க மாட்டினமாம், தம்பி" என்றார். "ஏனெண்டு கேக்கேல்லையே?" என்றோம். அதற்கு அவர், "நாங்கள் ஆர் கேக்கிறதுக்கு?" என்று சொல்லி உள்ளே சென்றுவிட்டார்.

அடுத்த தைப்பொங்கலுக்கு வீதி வாலிபர் சிலர் கூடி, அக்குடும்பத்துக்கு அரிசியும் ஒரு சேலையும் கொடுத்தோம், படமும் பிடித்துக்கொண்டோம். பெரிய தருமம் செய்துவிட்ட மனநிறைவு எமக்கு. ஆனால் எங்களுள் ஒருவராவது அப்பாடசாலைக்குச் சென்று, "எந்தச் சட்டத்தின்படி இப்பிள்ளையை மறுத்தீர்கள்?" என்று கேட்டோமில்லை. கேட்கலாம் என்ற எண்ணமே எமக்கு உதிக்கவில்லை. அரிசி ஒரு கிழமையில் முடிந்தது. சிறுவன் படலையடியிலேயே நின்றான். இப்போது அவனுக்குப் பதினொரு வயது. இன்றும் அங்கேதான் நிற்கின்றான்.

கிறித்தவ மிஷன் பாடசாலையிற் பயின்றவர் நாம். காலையிலே செப மண்டபத்தில் நல்ல சமாரியன் கதையைக் கேட்டோம். மாலையிலே கோயில் வீதியில் அப்பூதியடிகளின் தண்ணீர்ப் பந்தரைப் பற்றிக் கேட்டோம். இரண்டிடத்தும் இரக்கத்தைக் கற்பித்தார்கள். அது நாம் பெற்ற பேறு. ஆனால் இரக்கத்துக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை நாம் எங்கும் கற்றுக்கொள்ளவில்லை. இரக்கம் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. அவர் மனம் மாறினால் நின்றுவிடும். உரிமை பெறுபவருக்குச் சொந்தமானது. கொடுக்க மறுத்தால் ஏன் என்று கேட்டு வாங்கத்தக்கது. அந்தத் தாய்க்கு நாம் அரிசி கொடுத்தோம். அவருக்கு வேண்டியிருந்ததோ "ஏன்?" என்று உடன்வந்து கேட்கும் ஒருவர்.

இவ்வேறுபாட்டைப் பெரும் விலை கொடுத்துக் கற்ற நாடு ஐக்கிய அமெரிக்கா. அந்நாடு எல்லாவற்றிலும் எமக்கு வழிகாட்டி என்பதற்காக அதனை இங்கு எடுக்கவில்லை. அங்கே நிகழ்ந்த கொடுமைகளும் திருத்தங்களும் நீதிமன்ற ஏடுகளிலே பதிவாகி, எவரும் எடுத்துப் படிக்கக் கிடக்கின்றன. அவற்றுள் நான்கு நிகழ்ச்சிகளை மாத்திரம் கூறுவோம்.

முதலாவது, கரி பக் என்ற இளம்பெண்ணின் வழக்கு. வேர்ஜீனியா மாநிலத்திலே பிறர் வீட்டில் வளர்ந்தவள் அவள். பதினேழு வயதிலே அவ்வீட்டாரின் உறவினன் ஒருவனாற் கெடுக்கப்பட்டுக் கருவுற்றாள். குற்றம் செய்தவனை எவரும் தேடவில்லை. அவளையே "புத்தி குறைந்தவள்" என்று எழுதி, 1924இல் அரச விடுதி ஒன்றிலே அடைத்தார்கள். அதே ஆண்டில் அம்மாநிலம், இத்தகையோருக்குப் பிள்ளைப்பேறு இல்லாதபடி சத்திரசிகிச்சை செய்யலாம் என்று சட்டம் இயற்றியது. அச்சட்டத்தைச் சோதிக்கும் வழக்காக அவளுடைய வழக்கையே தெரிந்தெடுத்தனர். 1927ஆம் ஆண்டு மே மாதம் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம், எட்டு நீதியரசர் ஒருபக்கமும் ஒருவர் மறுபக்கமுமாக, சத்திரசிகிச்சை செய்யலாம் என்று தீர்த்தது. தீர்ப்பை எழுதியவர் பெரும் புகழ்பெற்ற நீதியரசர் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ். அவ்வாண்டே அவளுக்கு அது செய்யப்பட்டது. அத்தகைய சட்டங்களினால் அந்நாட்டிலே அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் பிள்ளைப்பேற்றை இழந்தனர். கரி பக் புத்தி குறைந்தவள் அல்லள் என்பதும், அவளுடைய மகள் பாடசாலையிலே நன்றாகப் படித்த பிள்ளை என்பதும் பின்னர் ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. 2002இல் வேர்ஜீனியா ஆளுநர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். கரி பக் இறந்து அப்போது பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இவ்வழக்கிலே நாம் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. கரி பக்குக்குச் சட்டத்தரணி ஒருவர் இருந்தார். கட்சிக்காரி கீழ் நீதிமன்றத்திலிருந்து நாட்டின் உச்ச மன்றம் வரை சட்டத்தரணி இன்றி நின்றாள் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அச்சட்டத்தரணி, அவளை அடைத்துவைத்த அதே விடுதியின் நிருவாக சபையிலே முன்னர் அங்கத்தவராக இருந்தவர். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு நெடுநாள் நண்பர். அவருடைய கூலியையும் விடுதியே கொடுத்தது. அவளுக்காக அவர் ஒரு சாட்சியையேனும் அழைக்கவில்லை. மணி இருந்தது, கயிறும் இருந்தது. கயிற்றின் நுனியோ காவலனின் கையிலே இருந்தது. பேசுவதற்கு ஒருவர் இருந்தால் மாத்திரம் போதாது. அவர் யார் பக்கத்தவர் என்பதே முதற் கேள்வி என்பதை இவ்வழக்கு எமக்குக் காட்டுகின்றது.

இரண்டாவது நிகழ்ச்சி பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்தது. 1950ஆம் ஆண்டிலே, இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் தேசிய அளவிற் சங்கம் அமைத்தனர். தொடக்கத்தில் அவர்களும் எம்மைப்போல் உதவி கேட்டார்கள், நிதி திரட்டினார்கள், தாமே சிறு வகுப்புக்கள் நடத்தினார்கள். இருபது ஆண்டுகள் சென்றபின் பென்சில்வேனியாக் கிளையினர் வேறொரு வாயிலைத் தட்டினர். அம்மாநிலச் சட்டம், கற்பிக்க முடியாதவர் என்று அதிகாரிகள் எழுதிய பிள்ளைகளைப் பாடசாலைக்கு வெளியே நிறுத்த இடம் கொடுத்தது. 1971 யனவரியிலே பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். அவர்களுக்காக வாதாடிய தோமஸ் கில்ஹூல், தம் சொந்தச் சகோதரனை அத்தகைய அரச விடுதியிற் பார்த்தவர். கல்வியிலே தேர்ந்த அறிஞர் சிலர் சாட்சிக் கூண்டேறி, கற்றுப் பயனடையாத பிள்ளை ஒன்றும் இல்லை என்று எடுத்துக்காட்டினர். அவ்வளவுதான். மாநில அரசு வாதத்தைத் தொடர விரும்பாமல் இணக்கத்துக்கு வந்தது. "இப்பிள்ளைகளுக்கு இரங்குங்கள்" என்று அப்பெற்றோர் கேட்கவில்லை. "எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி என்றீர்கள், எமது பிள்ளைகள் அந்த எல்லாருக்குள் அடங்கவில்லையா?" என்பதே அவர்கள் கேட்ட கேள்வியின் சாரம்.

மூன்றாவது, வில்லோபுறூக் என்ற அரச விடுதியின் கதை. நியூயோர்க் நகரைச் சேர்ந்த ஸ்ரற்றன் தீவிலே 1947இற் திறக்கப்பட்டது அது. பெயர் பாடசாலை, உள்ளேயோ படிப்பு மிக அரிது. நாலாயிரம் பேருக்கு அமைத்த இடத்திலே 1960களில் ஆறாயிரம் பேர் அடைபட்டுக் கிடந்தனர். 1965இல் செனற்றர் றொபேட் கெனடி அங்கே சென்று பார்த்துவிட்டு, மனிதர் வாழத்தக்க இடமன்று என்ற கருத்திற் கடுமையாகப் பேசினார். பத்திரிகைகள் எழுதின; பின்னர் மறந்தன. 1972ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, அங்கு பணியாற்றிய மருத்துவர் மைக்கல் வில்கின்ஸ், பெற்றோரை ஒன்றுகூட்ட முயன்றமையால் வேலை நீக்கப்பட்டார். வேலை போயிற்று, ஆனால் ஒரு கட்டிடத்தின் திறவுகோல் அவர் கையிலேயே இருந்தது. அத்திறவுகோலினாற் கதவைத் திறந்து, ஜெரால்டோ றிவேரா என்ற இளம் தொலைக்காட்சி நிருபரை அவர் உள்ளே அழைத்துச் சென்றார். உடையின்றி, கவனிப்பாரின்றிக் கிடந்த பிள்ளைகளை நாடு முழுவதும் தன் வீட்டுக்குள் இருந்தே கண்டது.

அங்கே றிவேராவுடன் பேசிய பேணாட் கறபெலோ என்ற இளைஞர் பெருமூளை வாதம் உடையவர். அவருடைய பேச்சுத் தெளிவாக விளங்காத காரணத்தால், அவருக்கு அறிவே இல்லை என்று சிறு வயதில் எவரோ எழுதிவிட்டனர். அவ்வெழுத்து ஒன்றினால் அவர் பதினெட்டு ஆண்டுகளை அவ்விடுதியிற் கழித்தார். தமக்கு வாசிக்கக் கற்கவேண்டும் என்ற ஆசையை அவர் அன்று வெளியிட்டார். பின்னாளிலே அவர் வெளியே வந்து, தம்மைப் போன்றோர் தமக்காகத் தாமே பேசும் சங்கம் ஒன்றை நியூயோர்க் மாநிலத்திலே தோற்றுவித்தவர்களுள் ஒருவரானார். அவருடைய குரல் எப்போதும் இருந்தது. பொறுமையாக நின்று கேட்கும் காதுதான் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கவில்லை.

1972 மார்ச் மாதத்திலே பெற்றோர் வழக்கிட்டனர். உள்ளிருப்போரைத் தீங்கினின்றும் காப்பது அரசின் கடமை என்று 1973இல் நீதிமன்றம் கூறியது. 1975இல் ஏற்பட்ட இணக்கத் தீர்ப்பு, உள்ளே இருந்தவர்களைச் சிறு இல்லங்களுக்கும் ஊர்களுக்கும் கொண்டுவர வழிசெய்தது. 1987இல் வில்லோபுறூக் மூடப்பட்டது. இன்று அந்நிலத்திலே ஒரு கல்லூரி நடைபெறுகின்றது.

வில்லோபுறூக்கிற் கதவைத் திறந்தது ஒரு மருத்துவரின் மனச்சாட்சி. தற்செயலாக அவரிடம் தங்கிய ஒரு திறவுகோல். தற்செயலை நம்பி ஒரு நாடு இருக்கலாமா? இக்கேள்விக்கு விடையாக வந்ததே 1975 ஒக்ரோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம். வளர்ச்சிக் குறைபாடு உடையோர்க்கான அச்சட்டத்திலே இரு பகுதிகள் உண்டு. ஒன்று உரிமைப் பிரகடனம். மிக அழகான சொற்கள். தகுந்த பயிற்சிக்கும், மனிதத்தன்மை குன்றாத பராமரிப்புக்கும் இவர்கள் உரியவர் என்று அது கூறியது. மற்றது, மாநிலந்தோறும் பாதுகாப்புக்கும் வாதாட்டத்துக்கும் ஓர் அமைப்பு வேண்டும் என்ற ஏற்பாடு. வாசிப்பவர்க்குச் சுவையற்ற நிருவாக வாசகம் அது.

இரண்டின் கதியையும் கேளுங்கள். 1981இலே பென்ஹேர்ஸ்ற் என்ற விடுதி பற்றிய வழக்கில், அந்த அழகிய பிரகடனத்தைக் கொண்டு எவரும் நீதிமன்றத்திலே உரிமை கோர முடியாது, அது காங்கிரசின் விருப்பத்தைக் கூறும் வாசகம் மாத்திரமே என்று உயர் நீதிமன்றம் தீர்த்துவிட்டது. சுவையற்ற மற்றப் பகுதியோ நிலைத்தது, வளர்ந்தது. இன்று அந்நாட்டின் மாநிலங்களிலும் ஆட்சிப் பகுதிகளிலும் 57 அமைப்புக்கள் அப்பணியைச் செய்கின்றன. அவற்றின் வல்லமை மூன்று. விடுதிகளுள்ளும் இல்லங்களுள்ளும் புகுந்து பார்க்கலாம். கொடுமை அல்லது கவனிப்பின்மை பற்றிய முறைப்பாடு வந்தால் ஏடுகளைக் கேட்டு வாங்கி விசாரிக்கலாம். வேண்டுமாயின் அரசுக்கு எதிராகவே வழக்காடலாம். இம்மூன்றுக்கும் அடித்தளமாக ஒரு விதி உண்டு. பராமரிப்புச் சேவை வழங்கும் எந்தத் திணைக்களத்துக்கும் அவ்வமைப்புக் கீழ்ப்பட்டிருத்தல் ஆகாது. கரி பக்கின் சட்டத்தரணியை நினைவிற் கொள்ளுங்கள். இவ்விதியின் அருமை விளங்கும். மணியிலே பொறித்த வாசகம் அழிந்தது. கயிறு எஞ்சியது.

அதே வேர்ஜீனியா மாநிலத்திலே, அரச விடுதிகளில் நிகழ்ந்த மரணங்களை விசாரிக்க முற்பட்ட இத்தகைய அமைப்புக்கு அதிகாரிகள் ஏடுகளைக் காட்ட மறுத்தனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. மாநில அதிகாரிகளைக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நிறுத்தி, அவ்வேடுகளைக் கேட்க அவ்வமைப்புக்கு வழி உண்டு என்று 2011இலே நீதிமன்றம் தீர்த்தது. கரி பக்கின் மாநிலத்திலே அவ்வளவு தூரம் நடந்துவர எண்பத்து நான்கு ஆண்டுகள் சென்றன.

நான்காவது நிகழ்ச்சியுடன் அமெரிக்காவை விட்டு மீள்வோம். ஜோர்ஜியா மாநிலத்திலே லோயிஸ் கேட்டிஸ் என்ற பெண், தம் இளமையின் பெரும் பகுதியை அரச வைத்தியசாலைகளிலே கழித்தார். வெளியே, ஊருக்குள் வாழத் தகுதியுடையவர் என்று மருத்துவர்களே கூறியபின்னும் அவரை விடவில்லை. அவர் செய்தது ஒன்றே ஒன்று. அற்லாண்டா நகரின் இலவசச் சட்ட உதவி நிலையத்துக்குத் தொலைபேசியில் திரும்பத் திரும்பப் பேசி, தம்மை வெளியே கொண்டுவருமாறு கேட்டுக்கொண்டேயிருந்தார். சூ ஜேமிசன் என்ற சட்டத்தரணி அக்குரலைக் கேட்டார். எலேன் வில்சன் என்ற மற்றொரு பெண்ணும் வழக்கிற் சேர்ந்தார். வெளியே வாழக்கூடியவரைக் காரணமின்றி அடைத்துவைத்தல் பாரபட்சமே என்று 1999 யூன் மாதத்திலே உயர் நீதிமன்றம் தீர்த்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் றூத் பேடர் கின்ஸ்பேர்க். லோயிஸ் கேட்டிஸ் பின்னர் ஓவியராக வாழ்ந்து, 2011இலே தம் ஓவியம் ஒன்றைச் சனாதிபதி ஒபாமாவின் கையிற் கொடுத்து, 2022இல் மறைந்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கின்றது. பிறருக்காகப் பேசுவோர்க்கு ஒரு நோய் உண்டு. பேசிப் பேசி, அவருடைய விருப்பம் என்னவென்று கேட்கவே மறந்துவிடுவர். பெற்றோர்க்கும் அது வரும்; சங்கங்களுக்கும் வரும்; எம்மைப் போன்ற மேடைப் பேச்சாளர்க்குக் கேட்கவே வேண்டாம். லோயிஸ் கேட்டிஸ் விடயத்தில் சட்டத்தரணி முன்சென்று "உமக்கு இதுதான் நல்லது" என்று கூறவில்லை. அவரே தம் விருப்பத்தைக் கூறினார். சட்டத்தரணி அதனை நீதிமன்றத்தின் மொழியிலே சொன்னார். 2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட வலுவிழந்தோர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை கூறுவதும் இதுவே. வலுவிழந்த ஒவ்வொருவரும் சட்டத்தின் முன் முழு மனிதர். தீர்மானம் செய்ய அவருக்குத் துணை வேண்டுமாயின் துணை கொடுக்கவேண்டும் என்பது அதன் கருத்து.

இனி எமது நாட்டுக்கு வருவோம். எம்மிடம் மணி இல்லை என்று எவரும் சொல்லவேண்டாம். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 12ஆம் உறுப்புரையிலே சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கின்றது. வலுவிழந்தோரின் முன்னேற்றத்துக்கு விசேட ஏற்பாடு செய்யலாம் என்றும் அங்கேயே கூறுகின்றது. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவீனத்தைக் காரணம் காட்டி வேலைக்குச் சேர்ப்பதிலோ கல்விக்கூடத்தில் அனுமதிப்பதிலோ பாரபட்சம் செய்யலாகாது என்று விதிக்கின்றது. உடலிலுள்ள குறைபாட்டுக்கு மாத்திரமன்றி உளத்தின் குறைபாட்டுக்கும் அது பொருந்தும். ஐக்கிய நாடுகள் சமவாயத்திலே இலங்கை 2007இற் கையொப்பமிட்டு, 2016 பெப்ரவரியில் அதனை ஏற்று உறுதிசெய்தது. இவர்களுக்கான நிலையங்கள் யாவும் சுதந்திரமான அதிகாரிகளாற் கண்காணிக்கப்படவேண்டும் என்று அதன் 16ஆம் உறுப்புரை கேட்கின்றது. ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்ற ஒழுங்குவிதியும் உண்டு. ஆக, எமது வீதிச் சிறுவன் பாடசாலை வாயிலில் நின்ற நாளிலே, அவனுடைய தலைக்கு மேல் ஒன்றல்ல, பல மணிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

எட்டியதா என்பதே கேள்வி. அடிப்படை உரிமையை அரச அதிகாரி மீறினால், ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்திலே மனுச் செய்யவேண்டும். ஒரு மாதம்! அந்தத் தாய் தம் அவமானத்தை அயலவரிடம் சொல்லவே ஒரு மாதம் சென்றிருக்கும். கொழும்புக்குப் பிரயாணம், சட்டத்தரணிக்குக் காசு, அறியாத மொழி, மறுப்பு எழுத்தில் இல்லாமை என்று எத்தனை தடைகள்! ஆயினும் வழி முற்றாக அடைபடவில்லை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அது விசாரிக்கும் காலம் அக்கணக்கிற் சேராது என்று அவ்வாணைக்குழுவின் 1996ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. அதன் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலும் உண்டு. வசதி இல்லாதார்க்கு உதவவென 1978ஆம் ஆண்டின் சட்டத்தினாலே தாபிக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவும் உண்டு. கயிறு அறுந்து கிடக்கவில்லை. நீளம் போதாமல் மேலே தொங்குகின்றது. போதாத அந்தச் சில முழத்தை முடிந்து கொடுக்க வேண்டியவர் யார்? எம்மைப் போன்ற சங்கத்தவர் என்பதே எமது தாழ்மையான கருத்து.

பெரிய திட்டங்களை நாம் கொண்டுவரவில்லை. மூன்று சிறு காரியங்களைச் சபையின் முன் வைக்கின்றோம். முதலாவது, எமது சங்கத்திலே ஒரு குறிப்பேடு திறப்போம். எந்தப் பிள்ளை எந்த வாயிலில் மறுக்கப்பட்டாலும் அன்றைய திகதி, மறுத்தவரின் பதவி, சொல்லிய காரணம் ஆகியவற்றை அன்றே எழுதுவோம். மறுப்பை எழுத்திலே தருமாறு பணிவுடன் கேட்போம். எழுத்தில் தரவேண்டும் என்றவுடனேயே பல மறுப்புக்கள் இளகிவிடும். இரண்டாவது, தாய் தந்தையரைத் தனியே அனுப்பாமல் இருவர் கூடவே செல்வோம். பாடசாலைக்கும் செல்வோம், வேண்டுமாயின் ஆணைக்குழுவுக்கும் செல்வோம். மூன்றாவது, இப்பிள்ளைகளும் இளைஞர்களும் இம்மண்டபத்துக்கு வரவேண்டும். உதவி பெறுவோராக அன்று, அங்கத்தவராக வரவேண்டும். அவர்கள் பேசும்போது எமக்கு உடனே விளங்காவிடின், விளங்கும்வரை இருந்து கேட்போம்.

இன்னொன்றையும் பெரியோர்கள் முன் துணிந்து கூறுகின்றோம். இவர்களுக்கென எமது சங்கமே ஓர் இல்லம் நடத்தவேண்டும் என்ற யோசனை முன்னர் எழுந்தது, மீண்டும் எழலாம். நல்ல உள்ளத்தில் எழுந்த யோசனைதான். அவ்வாறு நடத்தினால், அந்த இல்லத்திலே தவறு நேரும்போது முறைப்பாட்டைக் கேட்கும் பொறுப்பு எம்மிடமே இருத்தலாகாது, வேறொருவரிடம் இருக்கவேண்டும். நாம் நல்லவர்கள்தாமே என்று சொல்லலாம். கரி பக்கை அடைத்தவர்களும் தம்மை நல்லவர்களென்றே நம்பியிருந்தார்கள்.

பெரியோர்களே, உடன்பிறப்புக்களே, அந்தத் தாய் படலையடியில் எம்மிடம் கேட்ட கேள்விக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை. "நாங்கள் ஆர் கேக்கிறதுக்கு?" என்றார். ஐந்து ஆண்டுகளாக அது எமது காதில் ஒலிக்கின்றது. இங்கு வருவதற்கு முன் இன்று மாலை அவ்வீட்டுக்குச் சென்றோம். "நீங்கள் இந்த நாட்டுக் குடிகள், அக்கா, கேக்கிறதுக்கு அது காணும். அடுத்த தவணைக்கு நாங்களும் கூட வாறம்" என்றோம். அவர் உடனே விடை சொல்லவில்லை. எம்மைக் கண்டு, இது இன்னொரு பொங்கல் அரிசியோ என்று எண்ணினார் போலும். அப்பிள்ளையிடம், "பள்ளிக்கூடம் போக விருப்பமோ?" என்று கேட்டோம். இதுவரை எவரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. அவன் உள்ளே ஓடிச்சென்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

அவனுக்குப் பதினாறு வயதாக இன்னும் ஐந்து ஆண்டுகள் உண்டு. இழந்த ஐந்தை எவராலும் திருப்பிக் கொடுக்க முடியாது; இருக்கும் ஐந்தையேனும் காப்போம். அந்த நாளிலே அவனுடன் பாடசாலை வாயிலுக்கு வர எமக்கு இன்னும் இருவர் தேவை. ஒருவர் எம் வயதினராகவும் ஒருவர் நரைத்த தலையினராகவும் இருந்தால் நலம். கூட்டம் முடிந்ததும் வாயிலண்டை நாம் நிற்போம். வர விரும்புவோர் பெயரைத் தந்துவிட்டுச் செல்லுங்கள்.